அறியாமலே காத்த செல்வம்

மாணவர்களே,

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் ஒரு நாள், காடுகளைக் காப்பதன் இன்றியமையாமையை வகுப்பில் விளக்கிக் கொண்டிருந்தேன். கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, புலியைக் காக்கலாம், யானையைக் காக்கலாம். பல்லியைக் காத்து யாருக்கு என்ன பயன்?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவனுக்கு விடை கூறவில்லை. ஓய்வு பெற்ற பின்னர், தொலைதூரத்துத் தேசியப் பூங்கா ஒன்றைப் பற்றிப் படித்தபோதுதான் அவ்வினாவின் ஆழம் எனக்குப் புலப்பட்டது.

கரீபியக் கடலில் ஹிஸ்பானியோலா என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் மேற்குப் பகுதி ஹைதி நாடு. கிழக்குப் பகுதி டொமினிக்கன் குடியரசு. அக்குடியரசின் தென்மேற்குக் கோடியில், கடலோரமாக அமைந்திருப்பதே ஹராகுவா தேசியப் பூங்கா. 1983-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இது, கொலம்பசின் வருகைக்கு முன் அங்கு வாழ்ந்த தாயினோ மக்களின் நாடொன்றின் பெயரைத் தாங்கி நிற்கிறது. நிலமும் கடலுமாக இதன் பரப்பு ஏறத்தாழ 1,400 சதுர கிலோமீட்டர். பூங்கா என்றதும் மலர்ச்செடிகளையும் புல்தரையையும் எண்ணிவிடாதீர்கள். கள்ளியும் முட்புதரும் சுண்ணாம்புப் பாறையும் மிகுந்த வறண்ட நிலம் அது.

ஆயினும் அங்கே உயிர்வளத்திற்குக் குறைவில்லை. ஒவியேதோ என்னும் உப்பேரியின் நீர் கடல்நீரினும் உவர்ப்பு மிக்கது. அதில் பூநாரைகள் இரை தேடுகின்றன. அவை உண்ணும் பாசியிலும் சிறு நீருயிர்களிலும் உள்ள நிறப்பொருளே அவற்றின் இறகுக்குச் செம்மை தருகிறது. கடற்கரை மணலில் அழுங்காமைகள் முட்டையிடுகின்றன. பாறைகளிடையே இகுவானா என்னும் பேரோந்திகள் வாழ்கின்றன. மூக்கின்மேல் கொம்பு போன்ற புடைப்புள்ளது ஓரினம். சிவந்த கண்களையுடைய ரிக்கார்டு இகுவானா மற்றோரினம். பின்னது ஹிஸ்பானியோலாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

இனி நம் பல்லிக்கு வருவோம். பூங்காவைச் சேர்ந்த பேயாத்தா தீவில், உதிர்ந்த இலைச்சருகுகளிடையே ஒரு சிறு பல்லியை பிளேர் ஹெட்ஜஸ், ரிச்சர்டு தாமஸ் என்னும் அறிஞர் இருவர் கண்டறிந்து, 2001-இல் உலகிற்கு அறிவித்தனர். முழு வளர்ச்சி பெற்ற பின்னும், வாலை நீக்கி அளந்தால், அதன் நீளம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர்தான்! ஒரு சிறு நாணயத்தின்மேல் சுருண்டு படுத்துவிடும். அந்நாளில் அறியப்பட்ட ஊர்வனவற்றில் மிகச் சிறியவற்றுள் ஒன்று இது எனப்பட்டது. 2021-இல் மடகாஸ்கரின் குட்டிப் பச்சோந்தி ஒன்று அப்பெருமைக்குப் போட்டியாக வந்தது. டொமினிக்கன் குடியரசின் இயற்கையைக் காக்க உழைத்த இவோன் அரியாஸ் என்னும் பெண்மணியின் பெயரே இப்பல்லிக்குச் சூட்டப்பட்டது.

இத்துணைச் சிறிய உடலுக்குப் பேராபத்து ஒன்றுண்டு. அதுவே உலர்ந்து போதல். கணிதத்தால் இதனை உணரலாம். பக்கம் 2 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் கனஅளவு 8, மேற்பரப்பு 24. பக்கம் 1 சென்டிமீட்டரானால் கனஅளவு 1, மேற்பரப்பு 6. அதாவது, முன்னதில் ஒரு பங்கு கனஅளவுக்கு மூன்று பங்கு மேற்பரப்பு. பின்னதிலோ ஆறு பங்கு. உடல் சிறுக்கச் சிறுக்க, உள்ளிருக்கும் நீர் வெளியேறும் வாயில் ஒப்பளவில் பெருகுகிறது. ஆதலின் ஈரம் காக்கும் சருகே அப்பல்லிக்கு வீடு. மரத்தை வெட்டினால் நிழல் போம். நிழல் போனால் சருகின் ஈரம் போம். ஈரம் போனால் பல்லியும் போம். விறகுக்கும் கரிக்கும் மரம் வெட்டுவதும், மனிதர் கொணர்ந்த ஆடுகள் தளிரை மேய்வதும் இத்தகைய வறண்ட தீவுகளில் சிறு தீங்கல்ல.

மாணவர்களே, ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். பூங்கா பிறந்தது 1983-இல்; பல்லியின் செய்தி வந்தது 2001-இல். இடையே 18 ஆண்டுகள். எல்லை வகுத்தவர்களின் பட்டியலில் அப்பல்லி இடம்பெற்றிருக்க இயலாது. பயன் தெரிந்தவற்றை மட்டும் காப்போம் என்று அவர்கள் கருதியிருந்தால், அது பெயர் பெறுமுன்பே அழிந்திருக்கலாம். அழிந்ததையும் நாம் அறிந்திருக்க மாட்டோம்.

அன்று என்னை வினவிய மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். அவன் இதனைக் கேட்டுக்கொண்டிருந்தால் என் விடை இதுதான்: "தம்பி, பல்லியால் என்ன பயன் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரியாது என்பதே அதைக் காப்பதற்குப் போதிய காரணம். அன்று உன்னைப் பார்த்துச் சிரித்தது என் பிழை."