நெல்லுக்கு வேண்டிய இடம்

நெருக்கி நட்டுத் தண்ணீரைத் தேக்கினால்தான் நெல் விளையும் என்று நெடுங்காலமாக நிலைத்திருந்த நம்பிக்கையை, மடகாஸ்கர் தீவில் அந்த்சிராபே என்னும் ஊரில் விவசாயப் பள்ளி நடத்திய ஆன்றி த லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் வயல் 1983-ஆம் ஆண்டில் அசைத்துவிட்டது. 1961 முதல் அந்நாட்டு உழவர்களோடு பழகி, சிலர் ஒற்றை நாற்றாக நடுவதையும், சிலர் வயலில் ஓயாது நீர் நிறுத்தாதிருப்பதையும் கூர்ந்து கவனித்திருந்த அவர், 15 நாள் நாற்றுக்களை 25 சென்டிமீட்டர் சதுர இடைவெளியில் ஒவ்வொன்றாக நட நேர்ந்தபோது, அவை தூர் கட்டிய வேகம் எவரும் எதிர்பாராததாக இருந்தது.

காரணம் நெல்லின் சுபாவத்திலேயே இருக்கிறது. நான்காவது இலை தலைகாட்டும் சமயத்தில் முதல் தூர் புறப்பட்டு, பின் இலைக்கு இலை தூராகவும், தூருக்குள் தூராகவும் விருத்தியடைய வேண்டிய பயிர், நாற்றங்காலில் ஒரு மாதம் நெருக்குண்டு, வேரறுந்து, குத்துக்கு மூன்று நான்காகச் சேற்றில் அழுத்தப்படுமாயின், அந்த முதல் தூர்களை அடியோடு இழந்துவிடுகிறது. 20-க்கு 10 சென்டிமீட்டரில் நட்ட வயலில் சதுர மீட்டருக்கு 50 குத்துக்கள். லோலானியேயின் வயலிலோ 16 தான். நட்ட புதிதில் வெறிச்சென்றிருக்கும் அந்த வயலைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் மனம் கலங்குவது இயல்பே. ஆயினும் தூர் கட்டி முடியும் பருவத்தில் ஒரு குத்தைக் கையால் விலக்கிப் பார்த்தால், ஒரே நாற்றின் தூர்கள் புறம் சாய்ந்து, அடியிலைக்கும் வெயில் எட்டும்படி விரிந்திருக்கும். வளம் குன்றிய மண்ணிலும் குறுகிய காலப் பயிரிலும் அவ்விடத்தை நிரப்ப அவகாசம் போதாதாகையால், அங்கே சற்று நெருக்கி நடுவதே விவேகம்.

நீரின் விஷயம் இன்னும் நுட்பமானது. இலை வழியே இறங்கும் பிராணவாயுவை வேருக்குக் கடத்தும் காற்றறைகள் நெல்லுக்கு உண்டு; அதனாலேயே அது சேற்றில் உயிர் பிழைக்கிறது. ஆனால் ஓயாது நீர் தேங்கிய வயலில் கதிர் வருமுன்பே வேர்களில் பெரும்பகுதி கறுத்து மடியத் தொடங்க, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்ட வயலிலோ அவை வெண்மை மாறாமல் ஆழ இறங்குகின்றன. திருந்திய நெல் சாகுபடி என்ற பெயரில் இம்முறை பரவிய தமிழ்நாட்டில், மண்ணில் மயிரிழை வெடிப்புக் கண்டபின் இரண்டரை சென்டிமீட்டர் நீர் கட்டச் சொல்கிறார்கள். கதிர் உருவாகத் தொடங்கியபின் இந்தக் காய்ச்சல் கூடாது, பூக்கும் தருணத்தில் வறண்டால் மணி பதராகும்.

நீர் வடிந்த இடத்தில் களை முளைக்குமாதலால், சதுர நடவில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து நாளுக்கொரு தரம் உருளைக் களைக்கருவியை ஓட்டவேண்டும். களை மண்ணுக்குள் மடங்கி எருவாவதோடு, கிளறுண்ட சேற்றில் வேருக்குக் காற்றும் கிடைக்கிறது.