ஒரே தட்டில் இராச் சாப்பாடு

தூத்துக்குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் முத்து, உப்பு, கப்பல் என்று மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். நான்காவதாக இன்னொரு சொல்லைச் சேர்த்துக்கொள்ள நேயர்கள் அனுமதி தர வேண்டும். ‘தட்டு’ என்பதே அந்தச் சொல். சாப்பிடும் தட்டை நாம் குறிப்பிடவில்லை. ரொட்டிக் கிடங்குகளில் வரிசை வரிசையாகச் சூட்டடுப்புக்குள் போய் வருகிறதே, அந்த அகன்ற தகரத் தட்டைத்தான் சொல்லுகிறோம்.

அந்தத் தட்டிலிருந்து புறப்பட்டு உலகெங்குமுள்ள தமிழர் வீடுகளுக்குப் போய்ச் சேரும் பண்டம் ஒன்று உண்டு. மக்ரூன் என்ற அதன் பெயரைக் கேட்டதும் குழந்தைகள் எழுந்து உட்காருவார்கள். முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக் கரு ஆகிய மூன்றே சாமான்கள். மூன்றையும் நுரைக்க அடித்து, கூம்பு கூம்பாகத் தட்டில் வைத்து, இளஞ்சூட்டில் நெடுநேரம் உலர விட்டால் ஆயிற்று. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். முத்துக் குளித்துறையில் 1530-களில் செல்வாக்குப் பெற்ற அவர்களை 1658-ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் விரட்டினார்கள். பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்களும் போய்விட்டார்கள். தட்டு மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. நல்லது, அதை மக்ரூனுக்கு மட்டும் விட்டுவைப்பானேன் என்பதே நமது கேள்வி.

கேள்வி அற்பமானதன்று. மாலையில் அலுவலகமோ பள்ளிக்கூடமோ விட்டு வீடு திரும்பும் ஒரு ஸ்திரீயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள் கைப்பையை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குள் நுழைகிறாள். ஓர் அடுப்பில் குழம்பு, மற்றோர் அடுப்பில் பொரியல், நடுவில் தாளிப்பு. இவ்வளவும் முடிந்த பின்னர் கழுவுவதற்கு ஒரு குவியல் பாத்திரம். இந்திய சர்க்கார் 2024-ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றில் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிஷங்களைச் செலவிடுகிறார்கள். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவதோ 88 நிமிஷங்கள்! இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஓய்வு என்பது கேட்டுப் பெற வேண்டிய உரிமை என்பதைத் தமிழ் நாட்டுக்குக் கற்றுக் கொடுத்த ஊர்களுள் தூத்துக்குடி முன் வரிசையில் நிற்பது. 1908-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 27-ந் தேதி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றார்கள். மார்ச் மாத முதல் வாரத்தில் ஆலை முதலாளிகள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. சில நாட்களுக்குள் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார் என்பது தேசம் அறிந்த வரலாறு. ஆலைக்கு அன்று விடுமுறை கிடைத்தது. அடுக்களைக்கு இன்னும் கிடைத்தபாடில்லை! முழு விடுமுறை வாங்கித் தர இக்கட்டுரையால் முடியாது. ஓரளவு நேரக் குறைப்புக்கு ஒரு வழி சொல்லலாம்.

வழி இதுதான்: இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டிய காய்கறி, கிழங்கு, மீன் எல்லாவற்றையும் ஒரே அகன்ற தட்டில் பரப்பிச் சூட்டடுப்பில் வைத்து வேக விடுவது. கிளற வேண்டாம், அருகில் நிற்கவும் வேண்டாம். மேல் நாடுகளில் வேலைக்குப் போகும் குடும்பங்கள் வெகுவாகக் கைக்கொள்ளும் முறை இது. நம் நாட்டு நகரங்களிலும் சிறிய மின்சார அடுப்பு இப்போது பல வீடுகளில் இருக்கிறது. பிறந்த நாளன்று கேக் செய்வதற்காக வாங்கி, மற்ற நாட்களில் அதன் தலையில் டப்பாக்களை அடுக்கி வைத்திருக்கிறோம்.

இந்த முறையின் சூட்சுமத்தை அறியப் புத்தகம் எதுவும் வேண்டாம். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தால் போதும். கடல் நீரையும் நிலத்தடி உவர் நீரையும் அங்கே ஆழமான குளத்திலா தேக்குகிறார்கள்? அகலமான, ஆழமில்லாத பாத்திகளில் பரப்புகிறார்கள். பரப்பு அதிகமாகவும் கனம் குறைவாகவும் இருப்பதால் வெயிலிலும் காற்றிலும் நீர் விரைவில் ஆவியாகிறது, உப்பு பூக்கிறது. தட்டில் நடப்பதும் அதுவே. நீர் இருக்கும் வரையில் காய்கறியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மேற்புறம் உலர்ந்து 140 டிகிரிக்கு மேல் போன பிறகுதான் பொன்னிறமும் வறுபட்ட மணமும் உண்டாகின்றன. துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் ஆவி வெளியேற வழியின்றி எல்லாம் குழைந்துவிடும். ஆகையால் ஒரே அடுக்காக, இடைவெளி விட்டுப் பரப்புவதே முதல் விதி.

இரண்டாவது விதி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைக்கக் கூடாது என்பது. உருளைக்கிழங்கு மெதுவாக வேகும். மீனின் தசையில் இணைப்பு நார் மிகக் குறைவு. சில நிமிஷங்களில் வெந்துவிடும். இரண்டையும் சேர்த்து வைத்தால் கிழங்கு வேகும்போது மீன் சக்கையாகிவிடும். கிழங்கு முதலிலும் மீன் பிறகும் செல்ல வேண்டும்.

நால்வருக்கு அளவு சொல்கிறோம். கால் கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இரண்டு கத்தரிக்காய், இரண்டு தக்காளி, சில பூண்டுப் பற்கள் ஆகியவற்றை அதனுடன் சேர்த்து, இரண்டு மேஜைக் கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசறுங்கள். உப்பைத் தட்டு உள்ளே போகும் சமயத்தில் போட்டால் போதும். முன்னதாகவே போட்டால் அது காயிலுள்ள நீரை வெளியே இழுத்துவிடும். அடுப்பை 200 டிகிரியில் பத்து நிமிஷம் முன்கூட்டியே சூடாக்கி, தட்டை உள்ளே வைத்து இருபது நிமிஷம் விடுங்கள்.

அதற்குள் அரைக் கிலோ மீனைப் பக்குவம் செய்துகொள்ளலாம். சீலாவானால் விரற்கடைக் கனத் துண்டுகள். அயிலையானால் முழு மீனாகவே இருபுறமும் கீறிக்கொள்ளலாம். மிளகாய்த் தூள், மிளகு, சீரகம், மஞ்சள், உப்பு இவற்றைக் கெட்டியான புளிக் கரைசல் ஒரு கரண்டியில் குழைத்து, ஈரம் துடைத்த மீன்மேல் தடவுங்கள். இருபது நிமிஷம் ஆனதும் தட்டை வெளியே எடுத்து, காய்களை ஒதுக்கி நடுவே மீனை வைத்து, கறிவேப்பிலையை எண்ணெயில் புரட்டித் தூவி, மேலும் பன்னிரண்டு நிமிஷம் வையுங்கள். முள்ளை விட்டுச் சதை எளிதாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. குக்கரில் சோறு தயாராக இருக்குமானால் சாப்பாடு முடிந்தது. இல்லையேல் தெருமுனை ரொட்டியே போதும்.

விசைப் படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக ஏற்பட்ட நியாயமான ஏற்பாடு அது. அந்நாட்களில் மீன் அருமையானால் வருந்த வேண்டாம். சைவ வீடுகள் ஆண்டு முழுவதும் செய்யக்கூடியதையே அப்போது எல்லாரும் செய்யலாம். வேக வைத்த கொண்டைக் கடலை இரண்டு கிண்ணம், காலிபிளவர் பூக்கள், உருளைக்கிழங்கு, வெங்காயம். அதே மசாலை, அதே சூடு, அரை மணி நேரம். இறக்கியதும் எலுமிச்சம் பழம் பிழிந்துவிட்டால் குழந்தைகள் தட்டைச் சுற்றி வருவார்கள்.

மின்சார அடுப்பு இல்லாதவர்கள் பெருமூச்சு விட அவசியமில்லை. நமது தோசைக் கல்லும் ஓர் அகன்ற தட்டுத்தானே! கனமான இரும்புக் கல்லில் எண்ணெய் தடவி, கிழங்கை மெல்லிய வில்லைகளாக ஒரே அடுக்கில் பரப்பி, மூடி போட்டுச் சிறு தீயில் வேக விடுங்கள். திருப்பிப் போட்டு, ஓரமாக ஒதுக்கி, நடுவில் மீனையோ கடலையையோ வைத்து மூடியில்லாமல் முறுக விடுங்கள். எரிவது ஓர் அடுப்பு மட்டுமே. சமையல் வாயு விற்கும் விலையில் அதுவும் ஒரு லாபமல்லவா?

இவ்வாறு மிச்சமாகும் அரை மணி நேரத்தை என்ன செய்வது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம், சும்மாவும் உட்காரலாம். சும்மா உட்காருவதற்குப் பெண்களுக்கு உரிமை கிடையாது என்று எந்தச் சாஸ்திரமும் விதித்ததாக நாம் கேள்விப்படவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கழுவ வேண்டியது இனி ஒரே தட்டு. 88 நிமிஷத்தை 98 நிமிஷமாக உயர்த்திக்கொள்ள வீட்டு ஆண்மக்களுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. வெந்நீரில் சற்று ஊறவிட்டால் தட்டு எளிதில் சுத்தமாகிவிடும் என்பதையும் அவர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.