உஷார்! ஒரு மாதமாகியும் குரல் கரகரக்கிறதா?

"தொண்டை கட்டியிருக்கு, தானா சரியாயிடும்" என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? இனியும் சும்மா விடாதீர்கள்.

சளி பிடித்தோ, திருவிழாக் கூட்டத்தில் கத்தியோ குரல் கம்மினால் பயமில்லை. வீங்கிய குரல் நாண்கள் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அதுவரை பனங்கற்கண்டுப் பால் இதம் தரும். ஆனால் 4 வாரமாகியும் கரகரப்பு போகவில்லை என்றால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போயே ஆக வேண்டும்.

காரணம் சாதாரணமாகவும் இருக்கலாம். நாள் முழுக்கக் குரலை உயர்த்திப் பேசும் ஆசிரியர்களுக்கு நாணில் காய்ப்பு விழும். நெஞ்செரிச்சல், தைராய்டு குறைபாடு இவற்றாலும் குரல் மாறும். குரல்வளைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கும் என்பதுதான் கவலை. நாணில் சின்னத் தடிப்பாக இருக்கும்போதே அது குரலைக் கெடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் வலி இருக்காது, சோறும் தண்ணீரும் தடையில்லாமல் இறங்கும். அதனால்தான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். அப்போதே பிடித்துவிட்டால் கதிர்வீச்சிலோ லேசர் அறுவையிலோ பெரும்பாலானோர் குணமாகிறார்கள். முற்றவிட்டால் குரல்வளையையே எடுக்க நேரிடலாம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம்: ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்கு 1887 ஜனவரியில் குரல் கம்மியது. புற்றுநோயாக இருக்கலாம், அறுவை செய்துவிடலாம் என்றார்கள் ஜெர்மன் டாக்டர்கள். இங்கிலாந்து நிபுணர் மெக்கென்சி எடுத்த சதைத் துணுக்கில் புற்று தெரியவில்லை, அறுவை தள்ளிப்போனது. நவம்பரில் புற்றுநோய் உறுதியானது. 1888 மார்ச்சில் பிரெடரிக் பேரரசராகப் பட்டமேற்றபோது பேச்சு போய்விட்டிருந்தது. சீட்டில் எழுதிக் காட்டித்தான் ஆண்டார். 99 நாளில் இறந்துவிட்டார்.

இன்று அப்படித் தடுமாற வேண்டியதில்லை. தொண்டையை மரக்கவைக்கும் மருந்தைத் தெளித்து, மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விடுவார்கள். "ஈ... சொல்லுங்க" என்பார் டாக்டர். வெள்ளை நாண்கள் இரண்டும் சேர்ந்து பிரிவது திரையில் தெரியும். ஒன்றில் தடிப்பு இருந்தாலும், ஒன்று அசையாமல் நின்றாலும் அங்கேயே தெரிந்துவிடும். சில நிமிட வேலைதான்.

இவர்கள் 4 வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது:

• பீடி, சிகரெட், புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள்
• கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், இருமலில் ரத்தம் உள்ளவர்கள்
• தைராய்டு அல்லது நெஞ்சு அறுவைக்குப் பிறகு குரல் மாறியவர்கள்

மூச்சு விடும்போது இரைச்சலோ திணறலோ இருந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

புகை பிடிக்காதவர்களும் தப்பித்தோம் என்று இருக்க வேண்டாம். இடப்பக்கக் குரல் நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்தின் பெருந்தமனியைச் சுற்றித்தான் மேலே ஏறுகிறது. நுரையீரல் கட்டி அதை அழுத்தினாலும் குரல் போகும்.

மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ விழுங்காதீர்கள். குரல்வளையைப் பார்க்காமல் கொடுக்கும் மாத்திரை நாளைத்தான் கடத்தும். ஒரு மாதம் கடந்த கரகரப்பு என்றால், இந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.