லூபஸ் நோயும் ஞாபக மறதியும்

லூபஸ் என்னும் வியாதியைப் பற்றிப் பேசும்போது கன்னங்களில் படரும் செந்தடிப்பையும், மூட்டு வலியையும், சிறுநீரகத்துக்கு நேரும் சேதத்தையும் குறிப்பிடுகிற நாம், அந்நோயாளர்களுள் பலர் மிகுந்த சங்கோசத்துடன் சொல்லும் மற்றொரு கஷ்டத்தை, அதாவது அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுவதையும், தெரிந்த சொல்லே சமயத்தில் வாய்க்கு வராமற்போவதையும், பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. நோயாளர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாதலால், வீட்டுக் கவலை என்று சொல்லி அதைத் தள்ளிவிடுவதும் சகஜமாயிற்று. ஆனால் அம்மறதிக்குச் சரீரத்திலேயே காரணம் இருக்கக்கூடும் என்பதை விஞ்ஞானம் இப்போது காட்டிவருகிறது.

நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென்று உண்டாகும் ஆன்டிபாடிகள் என்னும் புரதங்கள், லூபஸில் தம் சரீரத்தின் பொருள்களையே, சிறப்பாக உயிரணுக்களின் டி.என்.ஏ.வை, அந்நியமெனக் கொண்டு பற்றுகின்றன. அவற்றுள் ஒரு பகுதி, மூளை நரம்பணுக்களின் மேல் சமிக்ஞையை ஏற்கும் புரதமாகிய என்.எம்.டி.ஏ. ஏற்பியையும் பற்றுகிறது என்று 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி பெட்டி டயமண்டும் அவருடைய சகாக்களும் கண்டறிந்தார்கள். புதிய ஞாபகங்கள் பதிவதற்கு இன்றியமையாத ஏற்பி அது. ஆன்டிபாடி சொற்பமாயிருந்தால் அவ்வேற்பியின் சமிக்ஞை மாறுபடும், மிகுந்தாலோ நரம்பணு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு மாண்டுபோகும்.

ஆயினும் ரத்தத்திலுள்ளதெல்லாம் மூளைக்குள் புகுந்துவிடாதபடி, மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கோட்டை மதிலைப்போல் காத்து நிற்கிறது. பரிசோதனைக்குட்பட்ட சுண்டெலிகளின் ரத்தத்தில் இந்த ஆன்டிபாடி ஏராளமாக இருந்தும், அத்தடுப்பு குலையாதவரை அவற்றின் மூளைக்கு ஊறு நேரவில்லை. பாக்டீரியாவின் மேலுறைப் பொருளைச் செலுத்தித் தடுப்பைத் தளர்த்தியபோது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியின் நரம்பணுக்கள் அழிந்து ஞாபகம் கெட்டது. அட்ரினலினைச் செலுத்தியபோதோ அமிக்டலா என்னும் மற்றொரு மூளைப் பகுதி சேதமுற்று, ஆபத்தை அறிந்து அஞ்சும் பழக்கம் குன்றியது. ஒரே ஆன்டிபாடி, தான் புகுந்த இடத்துக்கேற்ப வெவ்வேறு குறையை விளைவித்தது என்பதே இப்பரிசோதனைகளின் சாரம்.

இச்சேதத்திலிருந்து சுண்டெலிகளைக் காத்த மெமன்டைன் என்னும் மருந்தை லூபஸ் நோயாளர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் குறிப்பிடத்தக்க பயன் கிட்டவில்லை. மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியாவே நரம்பணுக்களின் கிளைகளைப் பின்னர் குறைத்துவிடுகின்றன என்பதையும், ரத்த அழுத்தத்துக்கு வழங்கும் காப்டோபிரில் வகை மருந்து சுண்டெலிகளில் அதைத் தணிக்கிறது என்பதையும் 2018-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மனிதருக்கு அது உதவுமா என்பது மனிதரிடத்தே நிரூபிக்கப்பட வேண்டியது.

எல்லா மறதிக்கும் ஆன்டிபாடியே காரணமென்று கொள்ளலாகாது. நுண்குழாய்களில் ரத்தம் உறைதல், ஸ்டீராய்டு மருந்துகள், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் காரணமாகலாம். ஆதலின் லூபஸ் உள்ளவர்கள் தம் மறதியை வெட்கப்பட்டு மறைக்காமல் வைத்தியரிடம் விவரமாகச் சொல்லவேண்டும். அவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்தவோ தொடங்கவோ கூடாது. வீட்டிலுள்ளவர்கள் அம்மறதியை அலட்சியமென்று கடிந்துகொள்ளாமல், நோயின் ஓர் அங்கமாகவே கருதி ஆதரவாயிருத்தல் கடமையாகும்.