தோழி கேட்டால் என்ன சொல்வீர்கள்?

வெளிநாட்டில் உழைத்த காசையோ காணி விற்ற காசையோ என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்திருக்கும் பெண்கள் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி உங்களிடம் வந்து, "ராத்தா, திறைசேரி முறியில போடலாமாம். அரசாங்கமே பொறுப்பாம். போடட்டுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "ஹராம், விடு" என்று ஒரே சொல்லில் முடித்தால் அவள் அடுத்த வீட்டில் வேறு பதில் கேட்பாள். விளக்கிச் சொல்லுங்கள்.

முறி என்பது கடன் பத்திரம். அரசு நம்மிடம் கடன் வாங்கி, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வட்டி தந்து, தவணை முடிவில் முதலைத் திருப்பித் தருகிறது. கொடுத்த கடனுக்கு மேல் நிபந்தனையிட்டுப் பெறும் மிகுதியே ரிபா. கடன் வாங்குவது அரசாங்கம் என்பதால் அது வியாபார இலாபமாகி விடாது.

"அரசாங்கம் பொறுப்பு" என்ற சொல்லையும் நிறுத்துப் பாருங்கள். 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. 2023இல் ஊழியர் சேமலாப நிதி தன்னிடமிருந்த முறிகளை, வட்டி குறைந்த, தவணை நீண்ட புதிய முறிகளுக்கு மாற்ற நேர்ந்தது. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம். அந்நாளில் வட்டி முறையாக வந்தவருக்கும் அரிசி மூட்டை எட்டாத விலையில்தான் இருந்தது. தவணைக்கு முன் காசு தேவைப்பட்டு முறியை விற்கப் போனால், சந்தையில் வட்டி ஏறியிருக்கும்போது போட்டதை விடக் குறைவாகவே கிடைக்கும்.

அப்படியானால் வழி? 2011இல் தொடங்கிய அமானா வங்கியைப் போன்ற இடங்களில் முழாரபா முறை உண்டு. அதில் இலாபத்தைப் பங்கிடும் விகிதம் மட்டுமே முன்கூட்டிப் பேசப்படும், தொகை உறுதியளிக்கப்படாது. வியாபாரம் நட்டப்பட்டால் முதலில் குறைவும் வரலாம். இதைத் தோழியிடம் மறைக்காதீர்கள்.

ஆகவே, "எத்தனை வீதம்?" என்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: என் காசு எந்தத் தொழிலுக்குப் போகிறது? நட்டம் வந்தால் யார் தாங்குவது? இடையில் தேவைப்பட்டால் எப்படி எடுப்பது? "மாதாமாதம் இவ்வளவு நிச்சயம், ஹலால்தான்" என்று எவராவது வாசலுக்கு வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். நிச்சயமான இலாபம் எந்த வியாபாரத்திலும் இல்லை.

மருந்துச் செலவுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் உள்ளதை முதலில் ஒதுக்கட்டும். மிச்சத்தைக் கொடுக்கும்போது எழுத்தும் சாட்சியும் இருக்கட்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பதை மறந்துவிடாதீர்கள்.

வல்ல நாயன் நம் உழைப்பில் பரக்கத் செய்வானாக!