கடலுக்கு மேலால் போடும் வட்டம்

ஊர்காவற்றுறைத் துறையில் நின்று பார்த்தால் எதிரே காரைநகர் தெரியும். நடுவில் ஒடுங்கிய ஒரு கடல்தான். பாதை என்னும் மிதவை ஓடும் நேரத்தில் சில நிமிடங்களில் அக்கரைக்குப் போய்விடலாம். அது நின்றுவிட்டால் வேலணை, பண்ணை கடந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து பொன்னாலைத் தாம்போதியால் சுற்றி வரவேண்டும். பாடசாலைக்குத் தூரம் அளக்கும் அதிகாரியின் வரைபடத்தில் இந்தச் சுற்று வழி தெரியாது.

தரம் 1 அனுமதிக்காகக் கல்வி அமைச்சு ஆண்டுதோறும் வெளியிடும் சுற்றுநிருபம் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்தை நேர்கோட்டில் பார்க்கிறது. வீட்டை மையமாக வைத்து, விண்ணப்பித்த பாடசாலைவரை ஒரு வட்டம் போடுவார்கள். பிள்ளை சேரக்கூடிய வேறு அரச பாடசாலைகள் அந்த வட்டத்துக்குள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி கழியும். இடங்களில் 50 வீதம் கிட்ட வசிப்போருக்கும், 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும், 15 வீதம் அங்கு படிப்போரின் சகோதரருக்கும் போகும். இலங்கையில் பாடசாலைக்கென்று நிரந்தரமாகக் கீறிய எல்லை இல்லை. நடைமுறையில் இந்த வட்டந்தான் எல்லை.

களப்பு, ஆறு, சதுப்பு போன்ற இயற்கைத் தடைகளால் பிள்ளை போய்ச்சேர முடியாத பாடசாலைக்குப் புள்ளி கழிக்கக் கூடாது என்று அதே சுற்றுநிருபம் இடம் தருகிறது. யாழ்ப்பாணத் தீவகப் பெற்றோர் நேர்முகப் பரீட்சையில் எடுத்துச் சொல்ல வேண்டிய முதல் விடயம் இது.

தீவகத்தில் இடம் கிடைப்பது அநேகமாகச் சிக்கலல்ல. வகுப்பறைகள்தான் வெறுமையாக இருக்கின்றன. 1990, 1991ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு வேலணையையும் புங்குடுதீவையும் ஊர்காவற்றுறையையும் கலைத்துப் போட்டது. திரும்பி வந்தவர்கள் சிலர். கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டவர்கள் பலர். யாழ்ப்பாண நகர்ப்பக்கம் குடியிருந்துகொண்டு வாக்காளர் இடாப்பில் மட்டும் தீவுப்பகுதி முகவரியை வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. நகரப் பாடசாலைக்கு விண்ணப்பிக்கும்போது இவர்களுக்கு அந்தப் பதிவே பாதகமாகிறது. வசிக்கும் இடத்தில் ஆண்டுதோறும் பதிந்து வருவதுதான் இதற்கு வழி. பொய்யான வாடகை ஒப்பந்தம் காட்டினால் பிள்ளையின் அனுமதி பின்னரும் இரத்தாகலாம். இடம் எடுத்துத் தருவதாக யாராவது காசு கேட்டால் அது குற்றம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

மாணவர் குறைந்த பாடசாலைகளை என்ன செய்வது என்ற கேள்வி 2025இல் நாடளாவிய விவாதமானது. நாட்டில் ஏறக்குறைய 1,500 பாடசாலைகளில் 50க்கும் குறைவான பிள்ளைகளே படிக்கிறார்கள். இவற்றை அருகிலுள்ள பாடசாலையுடன் இணைக்க வேண்டும் என்பவர்களின் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைப் பார்க்கும் இடத்தில், விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஆள் இல்லாத இடத்தில் பிள்ளை இழப்பது பெரிது. உயர்தர விஞ்ஞானம் படிக்க நெடுந்தீவுப் பிள்ளை நகரத்தில் அறை எடுத்துத் தங்குகிறது. பல்கலைக்கழக அனுமதியில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுகின்றன, யாழ்ப்பாணம் அப்படியல்ல. ஆகவே நெடுந்தீவு மாணவி நகரத்துப் பிரபல கல்லூரி மாணவியோடு ஒரே பட்டியலில் நிற்கிறாள்.

ஆனாலும் ஒரு பாடசாலையை மூடுவது, அதைச் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் எல்லையை மாற்றிக் கீறுவதுதான். சமதரையில் அதன் விலை இன்னும் இரண்டு கிலோமீற்றர். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எழுவைதீவிலும் தீவுக்கு வெளியே போகும் எந்த இணைப்பும் பிள்ளையைப் படகில் ஏற்றுகிறது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். காற்றுக் காலத்தில் படகு ஓடாத நாட்களும் உண்டு. தரைவழியும் அச்சமற்றதல்ல. 2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலைக்குப் போன மாணவி கடத்திக் கொல்லப்பட்டார். ஆளில்லாத வளவுகளுக்கிடையே பிள்ளைகளைத் தனியே நடக்கவிடும் எந்தத் திட்டத்தையும் அந்தக் கொலையை நினைவில் வைத்தே எடைபோட வேண்டும்.

தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டுக் கல்வி உரிமை விதிகள் ஆரம்பப் பாடசாலை ஒரு கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. இலங்கையில் 2016 முதல் 5 வயதிலிருந்து 16 வயதுவரை கல்வி கட்டாயம். கட்டாயம் என்று சொல்லும் அரசுக்கு, பிள்ளை பத்திரமாகப் போய்வரக்கூடிய பாடசாலையைக் காட்டும் கடமையும் இருக்கிறது. படகும் பாதுகாப்பு அங்கியும் ‘சிசு செரிய’ பேருந்தும் உறுதியாகாமல் எந்த இணைப்பும் தொடங்கக் கூடாது.

மாகாணப் பாடசாலைகள் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் வருபவை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின் தேர்தல் நடக்கவில்லை. சபையில் எழுந்து கேள்வி கேட்க உறுப்பினர் இல்லாதபோது, பெற்றோரின் எழுத்து மூலக் கேள்விக்குக் கனதி கூடுகிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் தீர்மானம் எடுத்து, கூட்ட அறிக்கையின் பிரதியோடு தீவக வலயக் கல்விப் பணிமனைக்கும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்கும் அனுப்பலாம். மாணவர் தொகை, ஆசிரியர் வெற்றிடம், போக்குவரத்துத் திட்டம் ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

தரம் 1 தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால், அதில் குறித்த திகதிக்குள் மேன்முறையீடு செய்யலாம். தகுதியற்றவர் சேர்க்கப்பட்டிருந்தால் ஆட்சேபனையும் கொடுக்கலாம். சமத்துவ உரிமை மீறப்பட்டதாகக் கருதினால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தை நாடலாம். அதற்குக் காலம் ஒரு மாதம் மட்டுமே. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் நாட்கள் கணக்கில் சேராது. 2007இல் உயர் நீதிமன்றம் அன்றிருந்த தரம் 1 அனுமதித் திட்டத்தையே சமத்துவத்துக்கு முரண் என்று தீர்த்தது. ஆகவே சுற்றுநிருபம் மாற்ற முடியாத ஒன்றல்ல. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போகலாம்.

இணைப்புப் பற்றிய கடிதம் வந்தபின் ஓடித்திரியாமல், இந்தத் தவணைக் கூட்டத்திலேயே பிள்ளைகளின் பயண நேரத்தையும் படகு ஓடாத நாட்களையும் எழுதிவைக்கத் தொடங்குங்கள். அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் காட்டக்கூடிய சான்று அதுதான்.