க.நா. சுப்ரமண்யம்

க.நா. சுப்ரமண்யம் (1912-1988) தமிழ்க் கவிஞர், நாவலாசிரியர், விமர்சகர், மொழிபெயர்ப்பாளர். க.நா.சு. என்று அறியப்பட்டவர். மயன் என்ற புனைபெயரில் கவிதைகள் எழுதினார். நார்வே, ஸ்வீடன் ஆகிய வடக்கு ஐரோப்பிய நாடுகளின் முக்கியமான நாவல்களைத் தமிழில் மொழிபெயர்த்தார். தமிழ் நவீன இலக்கியத்தை உலக இலக்கியத்தின் அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

பிறப்பு, கல்வி

க.நா.சு. 1912 ஜனவரி 31 அன்று பழைய தஞ்சை மாவட்டத்தின் வலங்கைமானில் பிறந்தார். தந்தை நாராயணஸ்வாமி தபால் துறையில் பணியாற்றியவர். கும்பகோணத்தை நடுவில் வைத்துப் பார்த்தால் தெற்கே வலங்கைமான், மேற்கே சுவாமிமலை, வடகிழக்கே திருவிடைமருதூர். இவை எல்லாம் ஒரு நாளில் வண்டி கட்டிப் போய்வரக்கூடிய தொலைவில் உள்ள காவிரிப் படுகை ஊர்கள். ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், எம்.வி. வெங்கட்ராம், தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு ஆகியோரும் இந்த நெல்வயல் நாட்டிலிருந்து எழுத வந்தவர்களே.

கும்பகோணத்திலும் பின்னர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். மகன் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். க.நா.சு.வும் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதினார். 1930களில் மணிக்கொடி இதழ் வழியாகத் தமிழின் புதிய எழுத்து அறிமுகமானபின் தமிழில் எழுதத் தொடங்கினார்.

இதழ்கள்

எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த மிகச் சில தமிழ் எழுத்தாளர்களில் ஒருவர். 1939-ல் சூறாவளி இதழை நடத்தினார். 1940களில் சந்திரோதயம், 1963 முதல் 1965 வரை இலக்கிய வட்டம் ஆகியவை அவர் ஆசிரியராக இருந்த மற்ற இதழ்கள். எவையும் நீண்டநாள் நீடிக்கவில்லை. ஆனால் விற்பனையைக் கணக்கில் கொள்ளாமல் தரத்தை மட்டுமே பேசும் சிற்றிதழ் மரபுக்கு இவை முன்னோடிகள். 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய எழுத்து இதழிலும் தொடக்க ஆண்டுகளில் பங்களித்தார். 1960களின் நடுவில் டெல்லிக்குச் சென்று ஆங்கில நாளிதழ்களிலும் இதழ்களிலும் இந்திய இலக்கியம் பற்றி எழுதினார்.

கவிதை

1930களின் இறுதியிலேயே யாப்பில்லாத கவிதைகளை மயன் என்ற பெயரில் எழுதத் தொடங்கினார். புதுக்கவிதை என்ற சொல் நிலைபெற்றதில் அவருடைய கட்டுரைகளுக்கு முக்கியப் பங்குண்டு. பிச்சமூர்த்தியின் கவிதைகளில் பழைய ஓசை நயத்தின் சாயல் உண்டு. க.நா.சு. அதையும் விலக்கினார். அன்றாடப் பேச்சின் தொனியில், அலங்காரம் இல்லாமல், ஓர் எண்ணத்தை நேராகச் சொல்வது அவருடைய முறை. அவை கவிதையே அல்ல, உடைத்துப்போட்ட உரைநடை என்று மரபுக்கவிஞர்கள் கண்டித்தனர். பின்னர் வந்த தமிழ்க் கவிதையின் பெரும்பகுதி அந்த நேரடியான மொழியையே ஏற்றுக்கொண்டது.

மொழிபெயர்ப்பு

நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் நாவலை நிலவளம் என்ற பெயரிலும், ஸ்வீடனின் செல்மா லாகர்லெவின் நாவலை மதகுரு என்ற பெயரிலும், பேர் லாகர்குவிஸ்டின் பாரபாஸ் நாவலை அன்பு வழி என்ற பெயரிலும் தமிழாக்கினார். மூவரும் நோபல் பரிசு பெற்றவர்கள். லாகர்லெவ் 1909-லும், ஹாம்சன் 1920-லும், லாகர்குவிஸ்ட் 1951-லும் பெற்றனர். ஜார்ஜ் ஆர்வெலின் விலங்குப் பண்ணையும் க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் வந்தது. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்த்தார். சிலப்பதிகாரமும் நீல. பத்மநாபனின் தலைமுறைகள் நாவலும் அவற்றில் அடங்கும்.

பிரிட்டனின் ஆட்சியில் கல்வி கற்ற தலைமுறைக்கு ஐரோப்பிய இலக்கியம் என்றால் பெரும்பாலும் ஆங்கில இலக்கியம். க.நா.சு. அதைத் தாண்டி வடக்கே சென்றதன் பொருளை ஓர் ஒப்பீட்டால் விளங்கிக்கொள்ளலாம். 1900-ஐ ஒட்டிய கணக்கெடுப்புகளில் நார்வே நாட்டின் மக்கள்தொகை சுமார் 22 லட்சம். 1901-ல் தஞ்சை ஜில்லாவின் மக்கள்தொகையும் சுமார் 22 லட்சம்தான். ஒரு ஜில்லா அளவுள்ள மக்கள் பேசும் மொழியில், உழவனையும் கிராமத்து மதகுருவையும் பற்றி எழுதி உலக இலக்கியம் படைக்க முடியும் என்றால், கோடிக்கணக்கானோர் பேசும் தமிழில் ஏன் முடியாது? அவருடைய விமர்சனங்கள் மீண்டும் மீண்டும் எழுப்பிய கேள்விக்கு இந்த மொழிபெயர்ப்புகள் ஒரு சான்றாக அமைந்தன.

இந்த நாவல்களை அவர் ஆங்கில வழியாகவே மொழிபெயர்த்தார். மூலத்தின் சொல்லழகு இருமுறை வடிகட்டப்பட்டே தமிழுக்கு வந்தது. ஆயினும் சிக்கலில்லாத அவருடைய உரைநடையில் நாவலின் கட்டமைப்பும் வாழ்க்கைப் பார்வையும் வாசகரை எட்டின. அன்பு வழி தன் எழுத்தில் செலுத்திய பாதிப்பை வண்ணநிலவன் குறிப்பிட்டிருக்கிறார். லாகர்குவிஸ்டின் இன்னொரு நாவலைக் குள்ளன் என்ற பெயரில் தி. ஜானகிராமன் மொழிபெயர்த்தார். ஒரே ஸ்வீடிஷ் எழுத்தாளர் காவிரிப் படுகையின் இரு எழுத்தாளர்கள் வழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறார்.

பின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலா பின்னாளில் ஆங்கிலத்தின் துணையின்றியே தமிழுக்கு வந்தது. பின்லாந்தில் குடியேறிய ஈழத்து எழுத்தாளர் ஆர். சிவலிங்கம் (உதயணன்) பின்னிஷ் மொழியிலிருந்து செய்த மொழிபெயர்ப்பு 1994-ல் வெளியாயிற்று.

நாவல்

பொய்த்தேவு (1946) க.நா.சு.வின் சிறந்த நாவலாகக் கருதப்படுகிறது. தலைப்புச் சொல் திருவாசகத்திலிருந்து எடுக்கப்பட்டது. காவிரிக்கரைச் சாத்தனூரில் ஏழையாகப் பிறந்த சோமு, கோயில் மணியோசையில் மனம் லயிக்கும் சிறுவன். வளர்ந்து பெரும் வணிகனாகிச் சோமு முதலியார் ஆகிறான். இறுதியில் எல்லாவற்றையும் விட்டுப் பண்டாரமாகிறான்.

நிலவளத்தின் ஐசக் வெறுங்கையுடன் காட்டுக்கு வந்து நிலத்தைத் திருத்தி அதில் வேரூன்றுகிறான். சோமுவும் ஒன்றுமில்லாமல் தொடங்குகிறான், ஆனால் சேர்த்ததை உதறுவதில் அவன் வாழ்க்கை நிறைவடைகிறது. இந்த வேறுபாட்டின் வேர் ஊரிலேயே இருக்கிறது. செல்வத்தைத் துறந்த வணிகர் பட்டினத்தார், திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலின் கிழக்கு வாசலிலும், அவருடைய சீடர் பத்திரகிரியார் மேற்கு வாசலிலும் இருந்ததாக மரபு. சோமுவின் கதை அந்த மரபுக்கு அண்மையானது. உலக நாவலை வாசித்தவர் அதன் வடிவத்தைக் கற்றுக்கொண்டு, அதில் தன் மண்ணின் கேள்வியை எழுதினார் என்பதற்குப் பொய்த்தேவு எடுத்துக்காட்டு.

அசுரகணம், ஒரு நாள், வாழ்ந்தவர் கெட்டால் ஆகியவை அவருடைய பிற நாவல்களில் குறிப்பிடத்தக்கவை.

விருது, மறைவு

இலக்கியத்துக்கு ஓர் இயக்கம் என்ற விமர்சன நூலுக்காக 1986-ல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். 1988 டிசம்பரில் டெல்லியில் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியுள்ளது.

இலக்கிய இடம்

க.நா.சு.வின் விமர்சனம் பட்டியல் போடுவதாகவும், விரிவான காரணம் கூறாமல் தீர்ப்பளிப்பதாகவும் அவர் காலத்திலேயே கண்டிக்கப்பட்டது. அக்குறையில் உண்மை உண்டு. எனினும் அவருடைய மொழிபெயர்ப்புகளையும் பட்டியல்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். எது நல்ல நாவல் என்று வாதிடுவதைவிட, நல்ல நாவல் ஒன்றைத் தமிழில் வாசகர் கையில் கொடுப்பது அவருக்கு உகந்த வழியாக இருந்தது. இரண்டு தலைமுறைத் தமிழ் எழுத்தாளர்கள் தங்கள் ஊரைப் பற்றி எழுத அஞ்சாமல் இருந்ததற்கு, உலகம் என்பதும் பல ஊர்களால் ஆனதே என்று காட்டிய இந்த நூல்களும் ஒரு காரணம்.